பதினைந்து நிமிடம் சும்மா இருப்பது எப்படி

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனதே பாராட்டு வாங்கத்தான். முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டார். கக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதில் மூன்று மாதத்து எண்கள், கோடு போட்டு, தேதி போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி. “இப்படி நோட்டுப் போடுகிற அப்பாவை நான் பார்த்ததே இல்லை” என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் மனிதருக்கு ஆசை.

எண்கள் அவருடைய பத்து வயது மகளுடையவை. ஒன்றரை வருஷமாக அவளுக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குவது இல்லை, ஊசி போட்டே தீர வேண்டிய வகை. தினமும் நாலு ஊசி. விரலில் குத்தி மீட்டரில் பார்ப்பது ஐந்தாறு தடவை. சர்க்கரை ஏறினால் வம்பு. எழுபதுக்குக் கீழே இறங்கினால் அதைவிடப் பெரிய வம்பு. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கவனிக்காமல் விட்டால் பொத்தென்று விழுந்துவிடுவாள். அப்படி இறங்குவதற்கு அந்த வீட்டில் ‘லோ’ என்று பெயர். அவளுக்கு வாலு என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள், போகப்போகத் தெரியும்.

மீட்டரைப் பார்த்து வாலு எண்ணைச் சொல்வாள், அப்பா எழுதிக்கொள்வார். இதுதான் ஏற்பாடு.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். “நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு, நூத்திப் பத்து, நூத்தி அஞ்சு... சார், என்னோட சுகரே இவ்வளவு அழகா இருக்காதே!”

மெக்கானிக் வெட்கத்தில் நெளிந்தார். “ஏதோ, நம்மளால முடிஞ்சது டாக்டர்.”

அதே நேரத்தில் பக்கத்து மேஜையில் நர்ஸ் அம்மாள் மீட்டரைக் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டிருந்தார். மீட்டர் தான் பார்த்த ஒவ்வொரு எண்ணையும் உள்ளே சேர்த்து வைத்திருக்கும் என்பது வாலுவுக்குத் தெரியாது. அவளைப் பெற்றவருக்கும் தெரியாது. தாள் வெளியே வந்தது. ஐம்பத்தெட்டு. அறுபத்திமூன்று. ஐம்பத்தைந்து. மூன்று மாதத்தில் பதினோரு லோ. நோட்டில் ஒன்றுகூட இல்லை.

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். மகள் மிகுந்த அக்கறையோடு சுவரில் இருந்த பல் தேய்க்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாம பதினோரு தடவையா? ஏண்டீ?” என்று அவர் ஆரம்பிக்க, டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“திட்டாதீங்க சார். ஊசி அளவை நான் கொஞ்சம் குறைச்சுத் தர்றேன். ஆனா இவ ஏன் மறைக்கிறாங்கறதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. இப்படியே போனா ஒரு நாள் எங்கயாவது தனியா மயங்கி விழுவா, யாருக்கும் தெரியாது. இவ வாயத் திறந்து உங்ககிட்ட உண்மையச் சொல்லணும். அது ஒன்னுதான் வேணும். கடைசி ரூம்ல குழந்தைங்களுக்கான மனநல ஆலோசகர் இருக்காங்க, போய்ப் பாருங்க.”

“இவ மனசுல ஏதாவது கோளாறா டாக்டர்?”

“குடும்பத்தோட போங்கன்னு சொல்றேன் சார்.”

குடும்பம் வெளியேதான் காத்திருந்தது. மொத்தமாக. வாலுவின் அம்மா ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவர். பதினைந்து வருஷமாகக் கிசுகிசுத்தே பழகியதால் வீட்டிலும் சத்தம் வராது, கண்தான் பேசும். அத்தை, அதாவது மெக்கானிக்கின் அக்கா, பஸ் நிலையத்தில் இருபது வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், குரலைக் கொடுக்கவில்லை. மாமா, அம்மாவின் தம்பி, டாக்ஸி ஓட்டுகிறவர். எந்தப் பிரச்சினை என்றாலும் அவருக்கு ஒரே தீர்வுதான்: வண்டியை எடுப்பது. குழாய் ஒழுகினாலும் வண்டியை எடுப்பார்.

ஆலோசகர் முதலில் வாலுவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பேரும் கதவில் காதை வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் கதவு திடீரென்று திறந்ததில், முதலில் அத்தையும் அவர்மேல் மாமாவும் உள்ளே வந்து சேர்ந்தார்கள்.

“வாங்க, உட்காருங்க,” என்றார் ஆலோசகர், எதுவுமே நடக்காத மாதிரி. இருந்ததெல்லாம் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். முழங்கால் மோவாயில் இடிக்க நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அத்தை உட்கார்ந்தபோதே எழுந்திருப்பது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“வாலுவுக்கு லோ வந்தா என்ன செய்யணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு?”

மெக்கானிக் கடகடவென்று ஒப்பித்தார். “அளவா ஜூஸ் குடுக்கணும். பதினஞ்சு நிமிஷம் பொறுக்கணும். திரும்ப விரல்ல குத்திப் பாக்கணும்.”

“அருமை. அந்தப் பதினஞ்சு நிமிஷம் என்ன செய்வீங்க?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதுலதான் மேடம் நாங்க எல்லாத்தையும் செய்வோம்,” என்றார் மாமா பெருமையாக.

எல்லாம் என்றால் எல்லாம்தான். ஜூஸ் போதாதோ என்று அத்தை இரண்டு வாழைப்பழத்தை உரித்துத் திணிப்பார், பிறகு பிஸ்கட், பிறகு தேன், கூடவே முழுக் குரலில் தெருவுக்கே அறிவிப்பு. அம்மா கண்கொட்டாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், கண்ணீர் அது பாட்டுக்கு வழியும். மாமா வண்டியைத் திருப்பி நிறுத்தி ஹாரன் அடிப்பார். மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன், நர்ஸுக்கு ஒரு போன், இடையில் “இப்ப எப்படி இருக்கு, இப்ப எப்படி இருக்கு?” என்று நிமிஷத்துக்கு ஏழு தடவை. கடைசியில் மீட்டரில் முந்நூற்று நாற்பது காட்டும். அதற்கு ஒரு தனி ரகளை.

“வாலு, சொல்லிடலாமா?” என்று கேட்டார் ஆலோசகர்.

வாலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “லோ வந்தா எனக்குக் கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இவங்களுக்கு வந்தா ராத்திரி வரைக்கும் சரியாகாது.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டு மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பத்து நாள், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகை. வீட்டில் யாராவது ஒருவர் லோ வந்த மாதிரி நடிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர், ஜூஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தில் பதினைந்து நிமிஷம் வைத்துவிட்டு மற்றவர்கள் பக்கத்தில் சாதாரணமாக இருக்க வேண்டும். விழுந்துவிட்டாலோ, விழுங்க முடியவில்லை என்றாலோதான் அவசரம், அப்போது டாக்டர் சொன்னபடி. மற்றபடி நெற்றியைத் தொடக்கூடாது, போன் கூடாது, வண்டி கூடாது. மீட்டரைக் காட்டு என்று பிடுங்கக்கூடாது, அவள் சொல்வதுதான் எண். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது வாலு.

“சும்மா இருக்கறதுக்கு ஒத்திகையா?” என்று சிரித்தார் மெக்கானிக். “இதென்ன மேடம் பிரமாதம்!”

அத்தையை நாற்காலியிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

முதல் நாள் நோயாளி அத்தை. மனுஷி பின்னிவிட்டார். “எனக்கு என்னமோ பண்ணுதே!” என்று சோபாவில் சரிந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, தன் பெரிய குக்கர் யாருக்குச் சேர வேண்டும், பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று உயில் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது நிமிஷத்தில் அம்மா நிஜமாகவே அழுதுவிட்டார். ஆறாவது நிமிஷத்தில் வெளியே ஹாரன் கேட்டது.

“மாமாவுக்கு முட்டை,” என்றாள் வாலு, முக்காலியில் ஏறி நின்றுகொண்டு, கையில் பென்சிலோடு. “அம்மா, நீ கண்ணாலயே ஸ்கேன் எடுக்கற. உனக்கு ஒன்னு. அத்தை, லோ வந்தா யாரும் குக்கரைப் பத்திப் பேச மாட்டாங்க.”

“எனக்கு எவ்வளவு?” என்றார் மெக்கானிக். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதினைந்து நிமிஷமும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறார்.

“முட்டை.”

இரண்டாம் நாள் வாலு மாமாவின் வண்டிச் சாவியை முன்கூட்டியே பிடுங்கி வைத்தாள். சாவி இல்லாத மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து ஒரு செருப்பைத் தேய்த்துவிட்டார். மூன்றாம் நாள் மெக்கானிக் ஒரு முடிவோடு வந்தார். நம் தொழிலே இதுதானே, என்ன பிரமாதம்? இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அமைதிப்படுத்துகிற ஆள் அவர். ஊரில் அதற்கு நல்ல பெயர். வீட்டில் மட்டும்தான் அந்த வித்தை வேலை செய்வதில்லை. அன்று நோயாளி அம்மா. மெக்கானிக் பக்கத்தில் போய்க் குரலைத் தழைத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க மேடம். உள்ள காத்து இருக்கு. பட்டன் எதையும் அமுக்காதீங்க. எத்தனை பேர் இருக்கீங்க?”

அம்மா பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அந்த அம்மாளுக்குள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாலு கருணை கூர்ந்து இரண்டு மார்க் போட்டாள்.

ஐந்தாம் நாள் மெக்கானிக்கின் முறை. “எனக்கு ஒரு மாதிரி மயக்கமா இருக்கு,” என்று அடக்கமாகத்தான் சொன்னார். அவ்வளவுதான். நாலு நாள் படித்த பாடமெல்லாம் காற்றில் போய்விட்டது. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, தன் கூடப்பிறந்த தம்பி என்று அத்தைக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை, வாழைப்பழத்தோடு பாய்ந்தார். “தம்பி, வாயத் திறடா!” அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூக்குக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். “அத்தான், எதுக்கும் ஒரு ரவுண்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்துடலாம்,” என்று மாமா கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.

“விடுங்க! விடுங்கய்யா! மூச்சு முட்டுது!” என்று வாயில் பழத்தோடு அலறினார் மெக்கானிக். “எனக்கு ஒன்னும் இல்ல! நல்லாத்தான் இருக்கேன்! நூத்திப் பத்து!”

வாலு தரையில் உருண்டு சிரித்தாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. அந்த எண் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாக மகள் தன்னை ஏமாற்றினாள் என்று உள்ளுக்குள் அவருக்கு ஆறவே இல்லை. யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கோபம் இருந்தது. இப்போது அது போன இடம் தெரியவில்லை. வெட்கம்தான் மிச்சம்.

மற்றவர்கள் கலைந்த பிறகு மெல்லக் கேட்டார். “வாலு, அந்தப் பதினோரு தடவையும் என்னடி பண்ணின?”

“பாத்ரூம்ல உட்காந்து ஜூஸ் குடிச்சேன். நானே மனசுக்குள்ள நேரம் எண்ணிக்குவேன்.”

“தனியா பயமா இல்லையா?”

“பயமாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா வெளிய வந்தா உங்க எல்லாரையும் நான்தானே சமாதானப்படுத்தணும்? கை நடுங்கும்போது அதெல்லாம் முடியாது.”

மெக்கானிக் அவள் பக்கம் நகர்ந்தார். கட்டிப்பிடிக்கக் கை போனது. தாளில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியாமல் பாதியில் நின்றது. “இன்னிக்கு ஒத்திகை முடிஞ்சிடுச்சு, கட்டிக்கலாம்,” என்றாள் வாலு.

பத்து நாள் முடிந்தது. ஒரு நாள்கூட யாரும் நாலு மார்க்கைத் தாண்டவில்லை. ஆலோசகரிடம் போய்ச் சொன்னபோது, “முட்டையில இருந்து நாலா? நல்ல முன்னேற்றம்,” என்றார். கிண்டலா நிஜமா என்று மெக்கானிக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஆனால் ஒத்திகை ஒத்திகைதான். நிஜமாக இறங்கும்போது வாலு வாயைத் திறப்பாளா? அதுதானே கேள்வி. மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பாத்ரூமுக்குப் போனாலே இவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கதவைத் தட்டவும் கூடாது, கேட்கவும் கூடாது. வெளியே நின்று இருமுவார், அதுவும் ஒரு தடவைதான். இரண்டாவது இருமலுக்கு உள்ளேயிருந்து “அப்பா!” என்று அதட்டல் வரும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். மெக்கானிக் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அம்மாவும் மாமாவும் கடைக்குப் போயிருந்தார்கள். வாலு அறையிலிருந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வியர்வை.

“அப்பா, லோ. அறுபத்தொன்னு. ஜூஸ் குடிச்சுட்டேன்.”

கடிகாரத்தில் பதினைந்து நிமிஷம் வைத்து மேஜைமேல் நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “சரிம்மா,” என்றார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. குனிந்து ஒரு திருகாணியை முடுக்கினார். முடுக்கியதைக் கழற்றினார். கழற்றியதை முடுக்கினார். அத்தை வாயைத் திறந்தார், முந்தானையைச் சுருட்டி அதில் அடைத்துக்கொண்டார், கிழங்கைச் சீவ ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவும் மாமாவும் பைகளோடு உள்ளே வந்தார்கள். வாலுவைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், வாசலிலேயே உறைந்தார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், கண் போகக்கூடாதே. மாமா வண்டிச் சாவியை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். குத்தியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சாதாரணமாகப் பேச வேண்டும் என்பது ஆலோசகர் உத்தரவு. எது சாதாரணம்?

“வெளிய மேகமா இருக்கு,” என்றார் மாமா.

“அப்படியா? எத்தனை மேகம்?” என்றார் மெக்கானிக்.

“ஒரு நாலு இருக்கும் அத்தான்.”

“பரவாயில்லயே,” என்று சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தார் அம்மா.

வாலு நடுங்குகிற கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “இவ்வளவு கேவலமா சும்மா இருக்கறவங்கள நான் பார்த்ததே இல்ல,” என்றாள். அத்தையின் கையில் கிழங்கு ஒரு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது, அவர் அதையும் விடாமல் சீவிக்கொண்டிருந்தார்.

கடிகாரம் அடித்தது. வாலு விரலைத் துடைத்துக் குத்தினாள். மீட்டரைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். முகம் மலரவில்லை. அவள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டி நின்ற அம்மாவின் முதுகைப் பார்த்தாள், கடைசியாக அப்பாவைப் பார்த்தாள். என்ன யோசிக்கிறாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தொண்ணூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு பேருக்கும் உயிர் வந்துவிடும். அவள் எழுந்து உள்ளே போய்த் தனியாகப் பார்த்துக்கொள்வாள். அவளுக்குத்தான் பழக்கமாயிற்றே. பிடுங்கிப் பார்த்துவிடு என்று அவர் கை துடித்தது. திருப்புளியை இறுகப் பிடித்துக்கொண்டார். சொல்லிடும்மா, எவ்வளவு மோசமா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

“அறுபத்தாறு,” என்றாள் வாலு. “இன்னும் சரியாகல. இன்னொரு தடவை ஜூஸ் குடிக்கணும். இன்னொரு பதினஞ்சு நிமிஷம்.”

அத்தையிடமிருந்து முந்தானைக்குள் ஒரு சத்தம் வந்தது. மாமா எழப் பார்த்து உட்கார்ந்தார்.

“சரிம்மா,” என்றார் மெக்கானிக். இந்தத் தடவை குரல் அவருடையதாகவே இருந்தது. எழுந்து போய் ஜூஸை அளந்து ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிற வரை நின்றார். நெஞ்சு பயத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

கடிகாரத்தை அவரே திருப்பி வைத்தார். வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

“எனக்கு உள்ள நடுங்குதுப்பா,” என்றாள்.

“எனக்கும்தாண்டா,” என்றார் அவர். இரண்டு பேருமாக அடுத்த பதினைந்து நிமிஷத்துக்குக் காத்திருந்தார்கள்.